பழைய கம்ப்யூட்டர்ல பார்ட்டிஷன் மாத்தணுமா? எந்த சாஃப்ட்வேர் எந்த மெஷினுக்கு ஒத்துவரும்

நம்ம டெல்டா பக்கம் இன்னும் பழைய கம்ப்யூட்டர் எவ்வளவு ஓடிட்டு இருக்குன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து ரைஸ்மில்லுல எடை மேடைக்குன்னு ஒரு விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம் இருக்கும், கும்பகோணத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல பேஜ்மேக்கர் போட்ட ஒரு சிஸ்டம் இருக்கும், உரக்கடையில கணக்கு எழுதற டேலி ஓடுற விண்டோஸ் 7 ஒண்ணு, அப்பறம் வீட்டுக்கு வீடு பிள்ளைங்களுக்கு கவர்மென்ட்ல குடுத்த எல்காட் லேப்டாப். எல்லாத்துலயும் ஒரே பிரச்சனைதான், சி டிரைவ் ரொம்பி சிவப்பா காட்டும், டி டிரைவ்ல பாதிக்கு மேல சும்மா கிடக்கும். உடனே நெட்ல தேடி முதல்ல வர்ற பார்ட்டிஷன் சாஃப்ட்வேரோட (டிஸ்க்கை சி, டின்னு பிரிக்கிறது) புது வெர்ஷனை இறக்குவாங்க, அது இந்த விண்டோஸ்ல ஓடாதுன்னு சொல்லிடும், இல்ல இன்ஸ்டால் ஆகி பாதியில நிக்கும்.

புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடலாமேன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. எடை மேடையில இருக்கிற இண்டிகேட்டர் சீரியல் போர்ட் வழியாதான் எடையை அனுப்பும், அதை வாங்கி சீட்டு அடிக்கிற சாஃப்ட்வேர் எக்ஸ்பிக்குன்னு எழுதினது, எழுதினவர் இப்ப எங்க இருக்கார்னே தெரியாது. பிரஸ்ல இருக்கிற தமிழ் ஃபான்ட் எல்லாம் யூனிகோடுக்கு முந்தின காலத்தது, அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல பத்து வருஷத்துப் பத்திரிகையைத் திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொட்டும். அதனால அந்த மெஷினை அப்படியே காப்பாத்தி வச்சுக்கறதுக்கு நியாயமான காரணம் இருக்கு, அதைக் கேலி பண்ணாம வேலையைப் பாப்போம்.

என்னோட கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பழைய மெஷினுக்கு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கும்போது அதுல என்னென்ன வசதி இருக்குன்னு பாக்கறது ரெண்டாவது. முதல்ல மெஷின் எந்தக் காலத்தது, டிஸ்க் எப்படிப் பிரிச்சிருக்கு, இதைப் பாக்கணும். பாத்துட்டா பாதிக்கு மேல கேஸ்ல பதில் ஜிபார்ட்டட் லைவ்ங்கற இலவச பூட் சிடிதான், அதுவும் அந்த மெஷினுக்குப் பொருந்துற பழைய வெர்ஷன். மீதி கேஸ்ல என்ன பண்றதுன்னுதான் கீழ விவரமா எழுதறேன்.

என்ன பாக்கணும்னா, முதல்ல டிஸ்க்ல இருக்கிற பார்ட்டிஷன் டேபிள், அதாவது டிஸ்க் எங்கெங்க பிரிஞ்சிருக்குன்னு எழுதி வச்சிருக்கிற அட்டவணை, எம்பிஆரா ஜிபிடியா. எம்பிஆர் 1983ல டாஸ் 2.0 காலத்துல வந்தது, டிஸ்கோட முதல் செக்டார்ல (செக்டார்னா டிஸ்க்கோட 512 பைட் சின்னத் துண்டு) 64 பைட்டுக்குள்ள நாலே நாலு பார்ட்டிஷன் விவரம்தான் எழுத முடியும், அதுக்கு மேல வேணும்னா நாலுல ஒண்ணை எக்ஸ்டெண்டட்னு ஆக்கி அதுக்குள்ள லாஜிக்கல் டிரைவ் போடணும். நம்ம ஊர்ல அசெம்பிள் பண்ணிக் குடுத்த சிஸ்டம் எல்லாம் இப்படித்தான் இருக்கும், சி மட்டும் பிரைமரி, டி, இ, எஃப் எல்லாம் எக்ஸ்டெண்டடுக்குள்ள. எம்பிஆர் 2 டிபிக்கு மேல போகாது. ஜிபிடி அதுக்கப்பறம், பயாஸுக்கு (ஆன் பண்ணினதும் போர்டுல முதல்ல ஓடுற புரோகிராம்) பதிலா வந்த யூஇஎஃப்ஐயோட வந்தது, சாதாரணமா 128 பார்ட்டிஷன் வரைக்கும் வச்சுக்கலாம், டேபிளோட இன்னொரு காப்பி டிஸ்க் கடைசியில இருக்கும், எல்லாம் நல்லதுதான், ஆனா 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி டிஸ்க்கைப் படிக்கவே தெரியாது. புதுசா பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிட்டு வந்து எக்ஸ்பியில சொருகி, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல "ஜிபிடி புரொடெக்டிவ் பார்ட்டிஷன்"னு காட்டுதே, டிஸ்க் போச்சான்னு பதறிக் கேக்கறவங்க இருக்காங்க. டிஸ்க் நல்லாதான் இருக்கு, எக்ஸ்பிக்குத்தான் புரியல.

இதனால ஒண்ணு கண்டிப்பா மனசுல வச்சுக்கங்க, இப்ப வர்ற சாஃப்ட்வேர் பலதுலயும் "ஜிபிடிக்கு மாத்து"ன்னு ஒரு பட்டன் பளிச்சுன்னு இருக்கும். பழைய பயாஸ் உள்ள மெஷின்ல விண்டோஸ் இருக்கிற டிஸ்க்குக்கு அதை அமுக்கவே கூடாது, ஜிபிடியிலேர்ந்து விண்டோஸ் பூட் ஆகணும்னா யூஇஎஃப்ஐ வேணும், பயாஸ்ல ஆகாது.

ரெண்டாவது, பார்ட்டிஷன் எந்த செக்டார்லேர்ந்து ஆரம்பிக்குது. எக்ஸ்பியும் அதுக்கு முந்தினதும் முதல் பார்ட்டிஷனை 63வது செக்டார்ல ஆரம்பிக்கும், விஸ்டாலேர்ந்து 2048வது செக்டார், அதாவது சரியா 1 எம்பி தள்ளி. பாக்கறது ரொம்ப ஈசி, விண்டோஸ்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ்னு போனா ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்னு ஒரு எண் இருக்கும், 32,256ன்னு இருந்தா பழைய முறை, 10,48,576ன்னு இருந்தா புது முறை. இந்த ஒரு எண்ணை வச்சே எந்த சாஃப்ட்வேர் அந்த டிஸ்க்கோட ஒத்துப்போகும் எது சண்டை போடும்னு பாதி சொல்லிடலாம்.

மூணாவது, டிஸ்க் சைஸும் பயாஸும். பழைய ஐடிஇ போர்டுல 28 பிட் அட்ரஸ் மட்டும் தெரிஞ்ச பயாஸா இருந்தா 137 ஜிபிக்கு மேல பாக்காது. எக்ஸ்பியும் முதல்ல வந்தப்ப அப்படித்தான், சர்வீஸ் பேக் 1க்கு அப்பறம்தான் பெரிய டிஸ்க்கை முறையா எடுத்துக்கிச்சு. இங்க ஒரு பெரிய பள்ளம் இருக்கு. லினக்ஸ்லேர்ந்து பூட் ஆகுற சாஃப்ட்வேர் பயாஸை நம்பி இருக்காது, அதுவே கன்ட்ரோலரோட நேரடியாப் பேசி டிஸ்க் முழுசையும் பாத்துடும், நீங்களும் சந்தோஷமா 250 ஜிபி முழுசும் பார்ட்டிஷன் போட்டுடுவீங்க, ஆனா பழைய எக்ஸ்பி அந்தக் கோட்டைத் தாண்டி எழுதும்போது டேட்டா கெட்டுடும். அதனால அந்த மாதிரி மெஷின்ல சர்வீஸ் பேக் போட்டிருக்கான்னு பாத்துட்டுத்தான் 137 ஜிபிக்கு மேல போகணும், பயாஸ் பழசா இருந்தா சி டிரைவ் முழுசும் அந்த எல்லைக்குள்ளயே இருக்கணும், ஏன்னா விண்டோஸ் பூட் ஆக ஆரம்பிக்கிற நேரத்துல டிஸ்க்கைப் படிக்கறது பயாஸ் மூலமாத்தான்.

நாலாவது ராம் எவ்வளவு, பிராசஸர் 32 பிட்டா 64ஆ, பென் டிரைவ்லேர்ந்து பூட் ஆகுமா. இதை எல்லாரும் பாப்பீங்க, விட்டுடறேன்.

இப்ப ஒவ்வொண்ணா வருவோம்.

விண்டோஸுக்குள்ளயே இருக்கிற டிஸ்க் மேனேஜ்மென்ட். எக்ஸ்பியில இதை வச்சு பார்ட்டிஷன் உருவாக்கலாம், அழிக்கலாம், ஃபார்மட் பண்ணலாம், அவ்வளவுதான், சுருக்கவும் முடியாது. டிஸ்க்பார்ட்னு கறுப்புத் திரையில ஓடுறது ஒண்ணு இருக்கு, அதுலயும் விண்டோஸ் இருக்கிற டிரைவைப் பெருசாக்க விடாது. ஆக எக்ஸ்பிக்கு இது வேலைக்கே ஆகாது. விஸ்டா, 7ல சுருக்கறதும் பெருசாக்கறதும் வந்துடுச்சு, ஆனா ரெண்டு முட்டுக்கட்டை. ஒண்ணு, அசைக்க முடியாத ஃபைல் எங்க உக்காந்திருக்கோ அதுவரைக்கும்தான் சுருக்கும், 100 ஜிபி காலியா இருந்தாலும் 10 ஜிபிதான் குடுப்பேன்னு சொல்லும். இன்னொண்ணு, பக்கத்துலயே வலது கைப்பக்கம் ஒதுக்காத இடம் இருந்தாதான் பெருசாக்கும். நம்ம டிஸ்க்ல டி எக்ஸ்டெண்டடுக்குள்ள இருக்கறதால டியை அழிச்சாலும் அந்த இடம் பச்சையா எக்ஸ்டெண்டடுக்குள்ளயேதான் நிக்கும், சியில எக்ஸ்டெண்ட் பட்டன் மங்கலாவே இருக்கும். டி, இ, எஃப் எல்லாத்தையும் அழிச்சு எக்ஸ்டெண்டடையும் அழிச்சாதான் ஒதுக்காத இடமா மாறும், அதுக்கு யாரு தயாரா இருப்பாங்க.

இதைவிட ஆபத்து ஒண்ணு இருக்கு. நாலு பிரைமரி ஏற்கெனவே இருக்கும்போது அஞ்சாவது போடப் பாத்தா விண்டோஸ் 7 "டைனமிக் டிஸ்க்கா மாத்தட்டுமா"ன்னு கேக்கும், படிக்காம எஸ் குடுத்துடுவாங்க. அப்பறம் அந்த டிஸ்க்ல வேற ஓஎஸ் இருந்தா பூட் ஆகாது, இலவச பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் பலதும் அதைத் தொடாது, விண்டோஸ் மூலமாவே திரும்ப பேசிக் ஆக்கணும்னா எல்லா வால்யூமையும் அழிக்கச் சொல்லும். டைனமிக்னு ஒரு வார்த்தை திரையில வந்தா கேன்சல் குடுத்துட்டு எழுந்துடுங்க.

அடுத்தது விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ற இலவச சாஃப்ட்வேர், மினிடூல், ஏஓஎம்இஐ, ஈஸ்யூஎஸ் இந்த மூணுதான் எல்லாரும் சொல்றது. விண்டோஸ் 7, 2 ஜிபிக்கு மேல ராம், எம்பிஆர் டிஸ்க், 2048 ஆரம்பம், இப்படி ஒரு உரக்கடை டேலி மெஷினா இருந்தா நான் தயங்காம இதுல ஒண்ணைச் சொல்லுவேன். படமா காட்டும், மவுஸால இழுத்தா போதும், அப்ளை குடுக்கற வரைக்கும் டிஸ்க்ல ஒண்ணும் நடக்காது, எக்ஸ்டெண்டட் சிக்கலையும் அதுவே பாத்துக்கும். சி டிரைவை மாத்தணும்னா ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் முழுசா ஏறறதுக்கு முன்னாடியே வேலையை முடிச்சுட்டு வரும்.

எக்ஸ்பிக்கு வந்தாதான் சிக்கல். இப்ப அவங்க கவனம் எல்லாம் புது விண்டோஸ் மேல, எக்ஸ்பியில ஓடணும்னா பழைய வெர்ஷன் தேடணும், மினிடூல்ல 9ன்னு ஆரம்பிக்கிற வரிசை எக்ஸ்பியில ஓடும். ஆனா அந்தப் பழைய ஃபைல் கம்பெனி பக்கத்துல முன்னாடி இருக்காது, ஏதோ ஒரு டவுன்லோடு பக்கத்துலேர்ந்து எடுக்கணும், அங்கேர்ந்து எடுத்தா கூடவே வேற நாலு வேண்டாத சாஃப்ட்வேரும் ஏறும், வைரஸ் ஸ்கேனர் இல்லாத எக்ஸ்பியில அதை ஏத்தறது நல்லதில்ல. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் குடுக்கறதை 2014 ஏப்ரல் 8ஓட நிறுத்திட்டாங்க, அந்த மெஷினை நெட்லயே சேர்க்காம இருக்கறதுதான் சரி, வேற சிஸ்டத்துல இறக்கி, ஸ்கேன் பண்ணி, சிடியில எழுதிக் கொண்டு வாங்க. விண்டோஸ் 7க்கும் 2020 ஜனவரி 14ஓட முடிஞ்சுபோச்சு, இந்த சாஃப்ட்வேர் எல்லாம் இனி எத்தனை நாளைக்கு 7ஐ ஏத்துக்கும்னு சொல்ல முடியாது, இப்ப வேலை செய்ற இன்ஸ்டாலர் கையில இருந்தா ஒரு காப்பி பத்திரமா வச்சுக்கங்க.

இன்னொரு குறை, விண்டோஸே பூட் ஆகலைன்னா இதுங்களால பிரயோஜனம் இல்ல. பூட் ஆகுற சிடி, பென் டிரைவ் பண்ற வசதியை மினிடூல்ல இப்ப காசு குடுத்து வாங்குற வெர்ஷன்லதான் வச்சிருக்காங்க. ஒரே ஒரு தடவை பண்ணப்போற வேலைக்கு ரைஸ்மில்லுக்காரர் ஏன் அந்தக் காசைக் குடுக்கணும்?

பார்ட்டிஷன் மேஜிக் பத்தி சொல்லாம போக முடியாது, ஏன்னா கொஞ்சம் வயசான சர்வீஸ்காரங்க பை எல்லாத்துலயும் அந்த சிடி இன்னும் இருக்கு. பவர்குவெஸ்ட் கம்பெனியோடது, 2003ல சைமன்டெக் வாங்குச்சு, 8வது வெர்ஷனோட கதை முடிஞ்சுது. அந்தக் காலத்துக்கு அருமையான சாஃப்ட்வேர்தான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, 63வது செக்டார்ல ஆரம்பிச்சு எக்ஸ்பியே பிரிச்ச 40 ஜிபி, 80 ஜிபி டிஸ்க்குன்னா இப்பவும் வேலை செய்யும். ஆனா விஸ்டாவோ 7ஓ தொட்ட டிஸ்க்ல, அதாவது 2048 கணக்குல பிரிச்ச டிஸ்க்ல இதை ஓட்டினா பார்ட்டிஷன் டேபிள் தப்பா இருக்கு, சரி பண்ணட்டுமான்னு கேக்கும். டேபிள் தப்பா இல்ல, அதுக்குத் தெரிஞ்ச பழைய சிலிண்டர் கணக்குக்குள்ள அது அடங்கல, அவ்வளவுதான். அங்க எஸ் குடுத்தா நல்லா இருந்த டேபிளை அது தன் கணக்குக்கு மாத்தி எழுதிடும். விஸ்டாவுக்கு அது ஆதரவே குடுக்கல. அதுவுமில்லாம விற்பனையே இல்லாத சாஃப்ட்வேர், இப்ப சுத்திட்டு இருக்கறது எல்லாம் யாரோ உடைச்சுப் போட்ட காப்பி, அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். இன்னிக்கு இதை எடுக்க ஒரு காரணமும் இல்லைன்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப ஜிபார்ட்டட் லைவ். இதுக்கு கொஞ்சம் அதிகமா எடுத்துக்கறேன், ஏன்னா எடை மேடை சிஸ்டத்துக்கும் பிரஸ் சிஸ்டத்துக்கும் இதுதான் என்னோட தேர்வு. டெபியன் லினக்ஸ் மேல கட்டின ஒரு சின்ன பூட் சிடி, காசு கிடையாது, உள்ள என்ன விண்டோஸ் இருக்கு, அது ஓடுதா செத்துப்போச்சான்னு இதுக்குக் கவலையே இல்ல. விண்டோஸ் ஃபைல் அடுக்குற முறையான என்டிஎஃப்எஸ், ஃபேட் 32, அப்பறம் லினக்ஸ் பார்ட்டிஷன் எல்லாம் பாக்கும். எக்ஸ்டெண்டடுக்குள்ள இருக்கிற டியோட முன்பக்கத்தைச் சுருக்கி, எக்ஸ்டெண்டடோட முன்பக்கத்தைச் சுருக்கி, கிடைச்ச இடத்தை சிக்குக் குடுக்கறது, இந்த மூணு படியையும் வரிசையாப் போட்டு ஒரே அப்ளைல முடிக்கலாம்.

வெர்ஷன் தேர்ந்தெடுக்கறதுதான் முக்கியம். ஏஎம்டி 64ன்னு இருக்கறது 64 பிட்டுக்கு, ஐ686ன்னு இருக்கறது பழைய 32 பிட்டுக்கு. ஏஎம்டின்னு பேர் இருந்தாலும் இன்டெல் 64 பிட்டுக்கும் அதேதான், இதுல நிறைய பேர் குழம்பறாங்க. பென்டியம் 4ல பெரும்பாலானதுக்கும், ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக்குக்கும் 32 பிட்தான் போகும். பென்டியம் எம் போட்ட ரொம்பப் பழைய லேப்டாப் சிலதுல பிஏஇன்னு ஒரு வசதி இருக்கறதையே பிராசஸர் வெளிய சொல்லாது, அதுக்கு இன்னும் பழைய வெர்ஷன் தேடணும். 2025ல வந்த டெபியன் 13ல 32 பிட்டுக்கான கெர்னலும் இன்ஸ்டாலரும் குடுக்கறதை நிறுத்திட்டாங்க, அதனால இனிமே இந்த மாதிரி 32 பிட் பூட் சிடி எல்லாம் குறைஞ்சுட்டேதான் போகும். இப்பவே உங்க மெஷின்ல நல்லா ஓடுற ஒரு பழைய ஐஎஸ்ஓவை (சிடியோட முழு நகல் ஃபைல்) ரெண்டு சிடியில எழுதி வச்சுடுங்க. பழைய வெர்ஷன் எல்லாம் சோர்ஸ்ஃபோர்ஜ்ல அவங்களோட பக்கத்துலயே அடுக்கி இருக்கும், வேற எங்கயும் போகவேண்டாம்.

திரை கறுப்பா நின்னுடுச்சுன்னா மெனுவுல சேஃப் கிராபிக்ஸ்னு இருக்கறதை எடுங்க, பழைய ஆன்போர்டு கிராபிக்ஸ்ல இது அடிக்கடி தேவைப்படும். பென் டிரைவ்ல போடணும்னா ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர் நல்லது, அதுலயும் இதே வெர்ஷன் கதைதான், எக்ஸ்பியில ஓடுற கடைசி ரூஃபஸ் 2.18, விண்டோஸ் 7ல 3.22. பழைய பயாஸுக்குன்னா பார்ட்டிஷன் ஸ்கீம் எம்பிஆர்னு வைக்கணும். பென் டிரைவ்லேர்ந்து பூட்டே ஆகாத போர்டுன்னா மல்லுக்கட்டாம சிடியில எழுதிடுங்க.

ஜிபார்ட்டட்ல கவனிக்க வேண்டியது மூணு விஷயம். ஒண்ணு, அப்படியே விட்டா அது 1 எம்பி கணக்குலதான் வரிசைப்படுத்தும். எக்ஸ்பி பிரிச்ச பழைய டிஸ்க்ல அலைன்னு ஒரு இடம் இருக்கும், அதை "நன்"னு (None) மாத்திட்டா இருக்கற ஆரம்பத்தை அசைக்காது. சி டிரைவோட ஆரம்பத்தை அசைக்கவே கூடாது, முடிவை மட்டும் நகத்தணும், ஆரம்பம் நகந்தா விண்டோஸ் பூட் ஆகாம போகலாம்னு அதுவே எச்சரிக்கை குடுக்கும், அந்த எச்சரிக்கை வந்தாலே ஏதோ தப்பா இழுத்துட்டோம்னு அர்த்தம். ரெண்டு, என்டிஎஃப்எஸ் சுத்தமா மூடாம இருந்தா அது தொடாது, விண்டோஸ்ல செக் டிஸ்க் ஓட்டி ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிட்டு வாங்க, ஹைபர்னேட்ல போட்டுட்டு வராதீங்க. அது மறுக்கறது நம்ம நல்லதுக்குத்தான், சில விண்டோஸ் டூல் இதைக்கூடப் பாக்காம வேலையை ஆரம்பிச்சிடும். மூணு, முடிஞ்சப்பறம் முதல் தடவை விண்டோஸ் ஏறும்போது தானா செக் டிஸ்க் ஓடும், பயந்து நிறுத்திடாதீங்க, அது அப்படித்தான் வச்சிருக்காங்க, முழுசா ஓடி அதுவா ரீஸ்டார்ட் ஆகட்டும்.

குறைன்னா, இங்கிலீஷ் திரை, ஆரம்பத்துல கீபோர்டு லேஅவுட் அது இதுன்னு கேக்கும், என்டர் தட்டிட்டே போனா போதும். பார்ட்டிஷன் பேரெல்லாம் எஸ்டிஏ1, எஸ்டிஏ5ன்னு காட்டும், சி டின்னு இருக்காது, அதனால முன்னாடியே விண்டோஸ்ல ஒவ்வொரு டிரைவோட சைஸையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு உக்காருங்க. லாஜிக்கல் டிரைவ் எல்லாம் 5லேர்ந்துதான் எண்ணும், 2க்கு அப்பறம் 5 வந்தா நடுவுல எதுவும் காணாம போகல.

இன்னொரு வழி, டிஸ்க்கைக் கழட்டி ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல போட்டு புது கம்ப்யூட்டர்ல சொருகி அங்க பிரிக்கறது. எக்ஸ்பி மெஷின்ல சிடி டிரைவும் வேலை செய்யல, பென் டிரைவும் எடுக்கலைன்னா இது ஒண்ணுதான் வழி. ஆனா புது விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து "இனிஷியலைஸ்" பண்ணட்டுமான்னு கேட்டா பண்ணக்கூடாது. பெரிய டிஸ்க்குக்குன்னு வர்ற சில யூஎஸ்பி பெட்டி செக்டார் சைஸை 512க்குப் பதிலா 4096ன்னு மாத்திக் காட்டும், அதுக்குள்ள வச்சுப் பிரிச்ச டிஸ்க்கைத் திரும்ப மெஷினுக்குள்ள நேரா மாட்டினா பார்ட்டிஷன் ஒண்ணுமே தெரியாது. வேகமும் பாத்துக்கங்க, யூஎஸ்பி 2ல நடைமுறையில செகண்டுக்கு 30 எம்பி கிட்டத்தான் வரும், 200 ஜிபி டேட்டாவை இடம் நகத்தணும்னா அதே கம்பியில படிக்கவும் செய்யணும் எழுதவும் செய்யணும், நாலு மணி நேரம் ஓடும். முடிஞ்சவரைக்கும் டிஸ்க் அதோட சொந்த மெஷின்லயே இருக்கட்டும்.

இவ்வளவும் படிச்சுட்டு, பிரிக்கவே வேண்டாம்னு ஒரு வழி இருக்கே அதை ஏன் யாரும் யோசிக்கறதில்லைன்னு எனக்கு வருத்தம். எக்ஸ்பியில சி டிரைவ் ரொம்பறதுக்கு ஒரு காரணம் ஹைபர்னேட் ஃபைல், ராம் எவ்வளவோ அவ்வளவு எடத்தைப் பிடிச்சுக்கும், அதை நிறுத்திடலாம். சிஸ்டம் ரீஸ்டோருக்கு ஒதுக்கினதைக் குறைக்கலாம், பேஜ் ஃபைலை டிக்கு மாத்தலாம், டேலி டேட்டா ஃபோல்டரை டியில வச்சு டேலிக்குள்ள பாதையை மாத்திவிடலாம், மை டாக்குமென்ட்ஸையும் அப்படியே. 20 ஜிபி சியில இதெல்லாம் பண்ணினா நல்ல இடம் வந்துடும், பார்ட்டிஷன் டேபிளைத் தொடவே வேண்டியதில்ல. எடை மேடை மெஷினுக்கு நான் முதல்ல இதைத்தான் பண்ணச் சொல்லுவேன், அதுக்கப்பறமும் பத்தலைன்னாதான் ஜிபார்ட்டட்.

எல்காட் லேப்டாப் தனிக் கதை. 2011லேர்ந்து குடுத்தது, பலதுலயும் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டும் போட்டுக் குடுத்தாங்க. காலேஜ் முடிச்ச பிள்ளைங்க வேலைக்குப் போனப்பறம் வீட்டுல தம்பியோ அப்பாவோ எடுத்து, இந்த லினக்ஸ் எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டுன்னு விண்டோஸ்லேர்ந்தே அந்தப் பேர் தெரியாத பார்ட்டிஷனை அழிச்சிடறாங்க. அடுத்த தடவை ஆன் பண்ணினா கறுப்புத் திரையில "கிரப் ரெஸ்க்யூ"ன்னு நிக்கும். விண்டோஸ் எங்கயும் போகல, பூட் பண்ற கிரப்புங்கற புரோகிராமோட பாதி ஃபைல் அந்த லினக்ஸ் பார்ட்டிஷன்ல இருந்துச்சு, அதை அழிச்சுட்டோம், அதான். இந்த விஷயத்துல எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் ஒண்ணுதான், ஜிபார்ட்டடும் பார்ட்டிஷனை மட்டும்தான் பாத்துக்கும், பூட் லோடரை மாத்தி எழுதாது. அழிக்கறதுக்கு முன்னாடியே விண்டோஸ் 7 சிடியில பூட் ஆகி ரிப்பேர்ல போய் பூட்ரெக்ல ஃபிக்ஸ் எம்பிஆர் குடுத்து, நேரா விண்டோஸுக்குப் போகுதான்னு பாத்துட்டு அப்பறம் அழிங்க. ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்களும் அதே சிடியில அதே வேலையைப் பண்ணினா வந்துடும். யாராவது ஃபார்மட்தான் பண்ணணும்னு சொன்னா நம்பாதீங்க, அதுல காலேஜ் ப்ராஜெக்ட், போட்டோன்னு திரும்பக் கிடைக்காதது எவ்வளவோ இருக்கும்.

எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிஸ்க் உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒண்ணுல ரீஅலோகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் ரெண்டுலயும் பூஜ்யம் இல்லாம எண் ஏறியிருந்தா பார்ட்டிஷன் வேலையை அன்னிக்கே நிறுத்திடுங்க, அந்த டிஸ்க்கை நகத்தறது ஆபத்து, காப்பி எடுக்கறதுதான் வேலை. நல்ல டிஸ்க்கா இருந்தாலும் குளோன்ஜில்லால முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்துட்டா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். அது முடியாதுன்னா குறைஞ்சது டேலி டேட்டா, எடை சாஃப்ட்வேரோட ஃபோல்டர், பிரஸ்ல விண்டோஸுக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டர், இந்த மூணையும் பென் டிரைவ்ல எடுங்க. எல்லாரும் பேஜ்மேக்கர் ஃபைலை எடுப்பாங்க, ஃபான்டை மறந்துடுவாங்க, ஃபான்ட் இல்லாம அந்த ஃபைலை வச்சுக்கிட்டு என்ன பண்றது.

பழைய போர்டுல பயாஸ் பேட்டரி செத்திருந்தா அதையும் முதல்ல மாத்திடுங்க, சிஆர் 2032ன்னு கேட்டா வாட்ச் கடையிலயே கிடைக்கும். அது செத்தா கரண்ட் போனவுடனே பயாஸ் பழைய நிலைக்குப் போயிடும், சாட்டா மோடு ஐடிஇலேர்ந்து ஏஹெச்சிஐக்கு மாறிடும் சில போர்டுல, எக்ஸ்பி நீலத் திரையில 7பின்னு எர்ரர் காட்டி நிக்கும், பார்ட்டிஷன் பண்ணினதாலதான் போச்சுன்னு நினைச்சு மேல மேல கிளறி உண்மையிலயே கெடுத்துடுவாங்க.

கரண்ட் பத்தி நம்ம பக்கம் தனியா சொல்லணும். பார்ட்டிஷன் நகந்துட்டு இருக்கும்போது கரண்ட் போனா எந்த சாஃப்ட்வேராலயும் காப்பாத்த முடியாம போகலாம், காசு குடுத்து வாங்கினதா இலவசமான்னு அங்க பேச்சே இல்ல. மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துற நாளான்னு பாத்துக்கங்க, ஐப்பசி கார்த்திகை மழையில புயல் சின்னம் இருக்குன்னு நியூஸ்ல சொல்லும்போது ஆரம்பிக்காதீங்க. 2018 நவம்பர்ல கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்ப எத்தனை ஊர் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்துச்சுன்னு இங்க யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்ல. அசெம்பிள் பண்ணின சிஸ்டத்துல யூபிஎஸ் பேட்டரி அஞ்சு நிமிஷம்தான் தாங்கும்னா அது யூபிஎஸ் கணக்கே இல்ல, இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பண்ணுங்க. லேப்டாப்புக்கு பேட்டரி நல்லா இருந்தா இந்தக் கவலை பாதி குறையும்.

நேரமும் பாத்துப் பண்ணணும். ரைஸ்மில் மெஷின்ல சம்பா அறுவடை சமயத்துல, அதாவது தை மாசியில, கையே வைக்கக்கூடாது, லாரி வரிசையில நிக்கும், ஒரு நாள் எடை சீட்டு அடிக்கலைன்னா என்ன ஆகும்னு மில்காரருக்குத்தான் தெரியும். பிரஸ்ல முகூர்த்த சீசனுக்கு முந்தின மாசம் தொடாதீங்க.

ஆக எக்ஸ்பி, 63வது செக்டார் ஆரம்பம், ஐடிஇ டிஸ்க்குன்னா முதல்ல சியைச் சுத்தம் பண்ணிப் பாருங்க, பத்தலைன்னா 32 பிட் ஜிபார்ட்டட் சிடி, அலைன்ல "நன்". விண்டோஸ் 7, ராம் ஓரளவு இருக்கு, விண்டோஸ் ஒழுங்கா பூட் ஆகுதுன்னா மினிடூலோ ஏஓஎம்இஐயோ கைக்கு எது பழக்கமோ அது. லினக்ஸும் இருக்கிற எல்காட் லேப்டாப்னா முதல்ல பூட் லோடர், அப்பறம்தான் பார்ட்டிஷன். 512 எம்பி ராம் இருக்கிற மெஷின்ல ஜிபார்ட்டட் ஏற ரொம்ப நேரம் எடுக்கும், "டு ராம்"னு இருக்கறதை எடுக்காம சாதாரண முதல் வரியையே எடுத்துட்டு சிடியை உள்ளயே விட்டுடுங்க.